சொல்வதெழுதும் பொறியும் வட்டைச் சொற்களும்

(மன்றத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எமக்குத் தரப்பட்ட பொழுது அரைமணி நேரமே. ஆதலின் முகவுரையைச் சுருக்கி விஷயத்துக்கு வருகின்றோம்.

சொல்வதெழுதல் என்றால் என்னவென்று இச்சபையில் அறியாதார் இலர். பாலர் வகுப்பிலே உபாத்தியாயர் ஒரு வாக்கியத்தை இருமுறை சொல்லுவார். பிள்ளை காதாற் கேட்டுக் கொப்பியில் எழுதும். பிழைக்குப் பிழை தண்டனையும் உண்டு. அந்தப் பிள்ளையின் இடத்திலே இப்பொழுது ஒரு பொறி வந்து உட்கார்ந்திருக்கின்றது. கைத்தொலைபேசியிலே ஒலிவாங்கியின் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினாற் போதும். அது எழுதிக்கொண்டே போகும். கூகிள் நிறுவனம் 2017 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இந்த வசதியைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் திறந்துவிட்டது. அதன் மொழிப் பட்டியலைப் பார்ப்போர் அங்கே தமிழ் நான்காகப் பிரிந்து நிற்பதைக் காண்பர்: இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ். மட்டக்களப்புத் தமிழ் என்று ஐந்தாவதாக ஒன்றை வைக்கும்படி நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது வேறு. கமக்காரர் கமத்தைப் பற்றிப் பேசும்போதும், மீனவர் தோணியையும் வலையையும் பற்றிப் பேசும்போதும், அவர்களுடைய தொழிற்சொல்லை அவர்கள் சொன்னபடியே இப்பொறி எழுதுமா? எழுதாதாயின் அதற்குக் கற்பிப்பது எங்ஙனம்? கற்பிப்பவர் யார்?

இதிலே பெரியோர்க்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். உண்மையில் இளைஞரிலும் பார்க்கப் பெரியோர்க்கே இப்பொறி கூடுதலாக வேண்டியது. நாம் விரலாலே தட்டி எழுதிவிடுவோம். படுவான்கரையிலே ஐம்பது வருடம் வேளாண்மை செய்த ஒருவர், கமநல சேவை நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதுவதானால், எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகவேண்டியிருக்கின்றது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாத வெள்ளத்திலே கிழக்கு மாகாணத்து வயல்கள் நீரில் மூழ்கின. அப்படியான காலத்திலே, எந்த வட்டை, எத்தனை ஏக்கர், என்ன விதைநெல், எத்தனையாம் நாட்பயிர் என்று கடுதாசியில் வராத இழப்பு இழப்பாகவே கணிக்கப்படுவதில்லை. பேசத் தெரிந்தவரெல்லாம் எழுதத் தெரிந்தவராவர் என்பதே இப்பொறி தரும் வாக்குறுதி. அவ்வாக்குறுதி நம் பக்கத்தில் எவ்வளவு நிறைவேறுகின்றது என்பதைப் பார்க்க விரும்பினோம்.

எம் உறவினர் ஒருவர் உளர். பெரியப்பா முறையானவர், எழுபதைத் தாண்டியவர். அவர் கையிலே கைத்தொலைபேசியைக் கொடுத்து, வெள்ளத்தைப் பற்றி ஒரு கடிதம் சொல்லும்படி கேட்டோம். அவர் சொன்னது இது: "வட்டைக்குள்ள வெள்ளம் நிக்குது. முல்லைக்காரன் போய்ப் பாத்தான். வக்கடையெல்லாம் உடைஞ்சு போச்சு. தண்ணி வத்தின பக்கம் அறக்கொட்டியானும் பிடிச்சிட்டு." 

பொறி எழுதியது இது: வட்டிக்குள்ள வெள்ளம் நிக்குது. மூளைக்காரன் போய்ப் பார்த்தான். பக்கத்துக் கடையெல்லாம் உடைஞ்சு போச்சு. தண்ணி வத்தின பக்கம் அரைக் கோடியாம் பிடிச்சிட்டு.

சபையோர் சிரிக்கின்றீர்கள். பெரியப்பாவும் சிரித்தார். "மனே, இது நம்மட வெள்ளமில்லகா, ஆரோ கடைக்காரன்ட வெள்ளம்" என்றார். ஆனால் அவர் சொன்ன அந்தப் பகிடியிலேதான் முழு விஷயமும் இருக்கின்றது. அந்தக் கடிதத்தை நாற்பது மைல் தூரத்திலே ஒரு மேசையில் வைத்து வாசிக்கும் உத்தியோகத்தர், வட்டி என்றும் கடை என்றும் அரைக் கோடி என்றும் கண்டால், யாரோ கடன்பட்ட வியாபாரியின் முறைப்பாடு என்று எண்ணி வேறொரு கோவையிலே போட்டுவிடுவார். எழுத்துப்பிழை ஒன்றையேனும் அவர் காணமாட்டார். 

தட்டெழுத்திலே விரல் தவறினால் இல்லாத சொல் ஒன்று பிறக்கும். வாசிப்பவர் அது பிழை என்று கண்டுகொள்வார். இப்பொறியோ எப்பொழுதும் உள்ள சொல்லையே, சுத்தமான எழுத்திலே எழுதுகின்றது. பிழையை மூடி மறைத்துவிட்டுப் பிழை விடுகின்றது. நூறு சொல்லிலே தொண்ணூற்றைந்து சரி என்று விளம்பரஞ் செய்வார்கள். மெய்யாகவே இருக்கலாம். மற்ற ஐந்தும் எவை? வட்டையின் பெயர், நெல்லின் பெயர், நோயின் பெயர், ஏக்கர்க் கணக்கு, திகதி. தொண்ணூற்றைந்தும் இருந்தென்ன, இந்த ஐந்தும் இல்லாத கடிதம் யாருக்கு உதவும்?

நிற்க. பொறி ஏன் இப்படிச் செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

பழைய அமைப்பிலே இப்பொறிக்கு மூன்று உறுப்புகள் இருந்தன. ஒன்று ஒலியைக் கேட்டு இன்ன எழுத்தொலி என்று சொல்லும். இரண்டாவது ஓர் அகராதி. இன்ன ஒலிகள் சேர்ந்தால் இன்ன சொல் என்று அதில் இருக்கும். மூன்றாவது, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் வழக்கம் என்ற கணக்கு. அகராதியில் இல்லாத சொல்லை அப்பொறி தலைகீழாக நின்றாலும் எழுதாது. அதற்கு அண்மையான வேறொன்றையே எழுதும். புதிய அமைப்பிலே இம்மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்டன. சொற்களைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுக்குப்பின் துண்டாக எழுதுகின்றது. எந்தச் சொல்லையும் எழுதக்கூடிய வல்லமை அதற்கு உண்டு. ஆயினும் கேட்டுப் பழகிய பக்கமே சாய்கின்றது. 'வட்டி' என்பதை ஆயிரம் தரம் கேட்டது; 'வட்டை' என்பதை ஒரு தரமும் கேட்டதில்லை. ஐயம் வந்த இடத்திலே ஆயிரந்தரம் கேட்டதையே எழுதுவது அதற்கு நியாயந்தானே!

எவ்வளவு கேட்டிருக்கின்றது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம். ஓப்பன் ஏஐ என்னும் நிறுவனம் 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'விஸ்பர்' என்ற பொறியை யாவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. அதற்குக் கேட்பித்த பேச்சு 6,80,000 மணி நேரம். அதிலே ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்குமாகச் சேர்த்துக் கிடைத்த பங்கு 1,17,000 மணி நேரம். அந்தப் பங்கிலே தமிழுக்கு ஒரு பங்கு. இவையாவும் இணையத்திலே கிடைத்த பேச்சு. உன்னிச்சைக் குளத்து வாய்க்கால் வரம்பிலே நின்று பேசியவர் எவரும் அதில் இருந்திருக்க வழியில்லை.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவிலே ஜேம்ஸ் பேக்கர், ஜேனற் பேக்கர் என்ற தம்பதிகள் 1982 ஆம் ஆண்டிலே 'டிராகன்' என்ற பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களது முதற்பொறிக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் இடையிலே நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டும். தொடர்ந்து பேசினாலும் எழுதும் பொறி 1997 இலே வெளிவந்தது. அதனை விரும்பி வாங்கியவர்களில் வைத்தியரும் சட்டத்தரணிகளும் முன்னின்றார்கள். ஏனெனில் அவர்கள் முன்னரே வாயாற் சொல்லி ஒருவரைக்கொண்டு எழுதுவிக்கும் வழக்கமுடையவர்கள். ஆனால் மருந்தின் பெயரும் நியாய வாதத்தின் பெயரும் பொதுப் பொறிக்குத் தெரியவில்லை. ஆகவே வைத்தியர்க்கு ஒரு பதிப்பு, சட்டத்தரணிகளுக்கு ஒரு பதிப்பு என்று தனித்தனியே செய்து விற்றார்கள். 

அவர்கள் கைக்கொண்ட முறைகளிலே இரண்டு நமக்கும் பயன்படும். ஒன்று, ஒருவர் முன்பு எழுதிவைத்த கடிதங்களைப் பொறிக்கு வாசிக்கக் கொடுத்தல். தன் அகராதியில் இல்லாத சொற்களை அதுவே பொறுக்கி எடுத்து, இவற்றைச் சேர்த்துக்கொள்ளவா என்று கேட்கும். மற்றது, ஒரு சொல்லுக்கு எழுதும் வடிவம் ஒன்று, பேசும் வடிவம் ஒன்று என இரண்டையும் தனித்தனியே கொடுத்தல். இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலே ஒரு வழக்கு இருக்கின்றது. பின்னர் அதற்கு வருவோம்.

இன்றைக்கு நம் கைக்கு எட்டும் வழிகள் எவை? முதலில் ஒரு எச்சரிக்கை. கைத்தொலைபேசியிலே 'சொந்த அகராதி' என்று ஒன்று உண்டு. அதிலே 'வட்டவிதானை' என்று எழுதி வைத்தால் தட்டெழுதும்போது அச்சொல்லை எடுத்துத் தரும். பேச்சைக் கேட்கும் காது வேறு. அந்த அகராதியைக் காது பார்க்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. தோழர்கள் பலர் இதிலே பொழுதைப் போக்குகின்றார்கள்.

காதுக்கே சொல்லும் வழி, குறிப்புப் பட்டியல் கொடுத்தல். கூகிள் நிறுவனம் மென்பொருள் எழுதுவோர்க்கு அளிக்கும் சேவையிலே, இச்சொற்கள் வரக்கூடும் என்று ஒரு பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சலுகை காட்டவேண்டும் என்று 0 முதல் 20 வரை ஒரு எண்ணையும் கொடுக்கலாம். விஸ்பருக்குப் பேச்சின் முன்னே ஒரு சிறு முகப்பு வாசகம் கொடுக்கலாம்; ஆனால் அது 224 துண்டுகளுக்கு மேற் கொள்ளாது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டோடு முடிந்துவிடும். தமிழ்ச் சொல்லையோ அது நொறுக்குத் துணிக்கையாக்கி விடுகின்றது. ஆகவே சில பத்துச் சொற்களுடனே இடம் நிரம்பிவிடும்.

சலுகை எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 'வட்டை'க்கு வேண்டிய சலுகை கொடுத்தால் பெரியப்பாவின் கடிதம் திருந்தும். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டால், அவரே மறுநாள் வங்கிக்குக் கடிதம் சொல்லும்போது, "வட்டை கூடிப் போச்சு, வட்டை கட்ட ஏலாது" என்று எழுதிவிடும்! ஆகவே தொழிலுக்கு ஒரு பட்டியல், இடத்துக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து வைத்தல் வேண்டும். வயலுக்குப் போகும்போது போடும் செருப்பைக் கோயிலுக்குப் போடுவதில்லை அல்லவா?

இன்னொரு வழி, பொறி எழுதி முடித்த பின்னர் திருத்துதல். 'மூளைக்காரன்' என்று வந்த இடமெல்லாம் 'முல்லைக்காரன்' என்று மாற்றும்படி ஒரு சிறு நிரல் எழுதிவிடலாம். இது இலகுவானது. ஆனால் 'பக்கத்துக் கடை' என்று வந்த இடமெல்லாம் 'வக்கடை' என்று மாற்றினால் உண்மையாகவே பக்கத்துக் கடை உடைந்தவனுக்கு யார் பதில் சொல்வது? எனவே வேறு பொருளே இல்லாத சொற்களுக்குத்தான் இவ்வழி பொருந்தும்.

நிலையான வழி ஒன்றுதான். நம்மவர் குரலிலே, நம் சொற்கள் வரும் வாக்கியங்களைப் பதிவு செய்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியான எழுத்தை வைத்து, பொறியை மறுபடி பயிற்றுதல். இது செலவும் உழைப்பும் உள்ள காரியம். ஆனால் இயலாத காரியமன்று. விஸ்பர் போன்றவை திறந்தவை. நல்ல கணினி ஒன்றிருந்தால் இணையமில்லாமலே ஓடும்.

தமிழுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஆங்கிலத்திலே ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒருமையும் பன்மையும் கொடுத்தால் அநேகமாக முடிந்தது. நமக்கோ வட்டை, வட்டையில, வட்டைக்குள்ள, வட்டையால, வட்டைக்காரர், வட்டையெல்லாம் என்று வேர்விட்டுப் போகின்றது. ஒரு சொல்லைப் பட்டியலில் இட்டால் ஒரு குடும்பத்தையே இட்டாக வேண்டும். அதுவும் எழுத்து வழக்கில் அன்று. 'மறுகா', 'ஒள்ளுப்பம்' என்று நாம் பேசும் வழக்கிலேயே வாக்கியம் இருத்தல் வேண்டும். மேடைத் தமிழிலே பதிவு செய்து பயிற்றினால் பொறி மேடைத் தமிழையே கேட்கும். வரம்பிலே நிற்பவரை மறுபடியும் கைவிட்டுவிடும்.

ஆங்கிலச் சொற்களிலே நாம் 'ரி' என்று எழுதுவதும் ஒரு சங்கடம். ரெலிபோன் என்று எழுதுகின்றோம். ஆனால் ரகரமாகவா உச்சரிக்கின்றோம்? 'காற்று' என்பதை வாசிக்கும்போது இரட்டை றகரத்துக்கு நாம் கொடுக்கும் ஒலியே அங்கும் வருகின்றது. தமிழகத்தார் அதே சொல்லை டெலிபோன் என்று டகரத்தால் எழுதுவர். அம்பலாந்தோட்டை நெல்லாராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த இனங்களுக்கு 'ஏரீ' என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பெயராக இருக்கின்றன; பத்தலகொடையிலிருந்து வந்தவற்றுக்கு 'பீஜீ'. 'ஏரீ 362' விதைத்தேன் என்று பெரியப்பா சொன்னதற்குப் பொறி, "ஏடி, 362 விதைத்தேன்" என்று எழுதியது. மனைவியை அதட்டி ஏக்கர்க் கணக்குச் சொல்லுகின்றார் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

எழுத்துச் சரியாக இருந்தும் பொருள் மாறும் சொற்களும் உள. கச்சேரி என்றால் நமக்கு அரசாங்க அதிபர் இருந்த கந்தோர். தமிழகத்தார்க்குப் பாட்டும் மிருதங்கமும். இவற்றிலே பொறியின் காதைக் குறைகூற முடியாது. ஆனால் அதே கடிதத்தை இன்னொரு பொறி ஆங்கிலமாக்கும்போது என்ன நடக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகின்றோம்.

இப்பொழுது, முன்னர் நிறுத்தி வைத்த வழக்குக்கு வருகின்றோம். நெற்பயிரின் அடியிலே கூட்டமாய் இருந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கருக்கிவிடும் ஒரு பூச்சி உண்டு. நம் கமக்காரர் அதனை அறக்கொட்டியான் என்பர். விவசாயத் திணைக்களத்தார் கபில நிறத் தத்தி என்று எழுதுவர். தமிழகத்திலே அது புகையான். பூச்சி ஒன்று, பெயர் மூன்று. பேசும் வடிவம் வேறு, எழுதும் வடிவம் வேறு என்று கொடுக்கலாம் என்றோமே. அவ்வசதியைக் கொண்டு, பெரியப்பா "அறக்கொட்டியான்" என்று சொல்லும்போது பொறி "கபில நிறத் தத்தி" என்று எழுதும்படி செய்துவிடலாம். உத்தியோகத்தருக்கு உடனே விளங்கும். செய்யலாமா?

எம் தோழர் ஒருவர் செய்யத்தான் வேண்டும் என்கின்றார். கடிதத்தின் பயன் காரியம் நடப்பது. சொல்லுக்காக மல்லுக்கட்டி இழப்பீட்டை இழப்பதா என்பது அவர் வாதம். அதிலே நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 

இவ்வழக்கு புதியதுமன்று. 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிலே வைத்தியங் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஷ் கிறீன் என்பார், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடலுறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழிலே உள்ள பெயரைத் தேடினார். அகப்படாத இடத்து வடமொழியையும் ஆங்கில ஒலியையும் எடுத்தாண்டார். அவருடைய இரசாயன நூலின் பெயரே 'கெமிஸ்தம்'. பின்னர் 1936 ஆம் ஆண்டிலே சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர் அவர். கணிதம், பௌதிகம், இரசாயனம் முதலாய துறைகளுக்கான சொற்கள் 1938 இலே 'கலைச்சொற்கள்' என்னும் நூலாக வந்தன. அறிஞர் கூடி ஆக்கிய சொல்லைப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டு சேர்ப்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம். தமிழிலே விஞ்ஞானம் படித்த நாமெல்லாம் அச்சோற்றை உண்டவர்களே.

எம் காரியம் அதற்கு எதிர்த்திசையிலே போகின்றது. ஏற்கனவே வயலிலே உள்ள சொல்லைப் பொறிக்குக் கொண்டு சேர்ப்பது. ஆகவே எம் கருத்து இது: பொறி, சொன்னவர் சொன்ன சொல்லையே எழுதவேண்டும். திணைக்களப் பெயர் வேண்டுமாயின் அதனை அடைப்புக்குறிக்குள் பக்கத்திலே இட்டுக்கொள்ளலாம். அதுவும் பெரியப்பா பார்த்துச் சம்மதித்த பின்னரே. காரணம் சொல்லுகின்றோம். அவர் அறக்கொட்டியான் என்று சொல்லும் எல்லாமே கபில நிறத் தத்திதான் என்று மேசையிலிருந்து யார் உறுதி சொல்வது? கருகிய வயலைத் தூரத்திலிருந்து பார்த்துச் சொன்ன சொல்லாகவும் இருக்கலாம். மாற்றி எழுதிவிட்டால், அவர் கண்டதற்கும் திணைக்களம் முடிவு செய்ததற்கும் இடையிலே உள்ள வித்தியாசம் அழிந்துபோம். பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேடவும் வழியிராது. எழுதுவினைஞன் எழுதவேண்டும், முடிவு செய்தல் அவன் தொழிலன்று.

பட்டியலுக்குச் சொல் சேர்க்கப் போன இடத்திலே ஒரு பெரியவர் எம்மை மடக்கினார். நெற்களத்திலே சில சொற்களை வழங்குவதில்லை என்பதைச் சபையோர் அறிவீர்கள். அங்கே நெல்லை நெல் என்னார், பொலி என்பர். மாட்டுக்கும் சாக்குக்கும் கருவிகளுக்கும் களத்துக்கென்றே தனிப்பெயர் உண்டு. பூதங்கள் கேட்டு விளங்கிப் பொலியைக் கவர்ந்துவிடாதபடி முன்னோர் கண்ட உபாயம் அது என்பர். சிங்கள மக்களும் தங்கள் களத்துக்கு அப்படியொரு தனிமொழி வைத்திருக்கின்றார்கள். "பூதத்துக்கே தெரியக்கூடாதெண்டு வெச்ச சொல்லை, மனே, கூகிளுக்குச் சொல்லிக் குடுக்கப் போறியளா?" என்று கேட்டார் அப்பெரியவர்.

அக்கேள்வியை நாம் பகிடியாகக் கொள்ளவில்லை. நம்மவர் குரலைப் பதிந்து வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினிக்கு அனுப்பிவிட்டால், அது பின்னர் எங்கே போகும், யாருக்கு இலாபமாகும் என்பது நம் கையில் இல்லை. ஆதலின் மூன்று விஷயங்களில் நாம் உறுதியாக இருக்கின்றோம். பேசுபவரின் சம்மதம் இல்லாமல் ஒலிப்பதிவில்லை. சம்மதித்தவர் பின்னர் வேண்டாமென்றால் அழித்துவிடுதல் வேண்டும். பதிவுகள் மன்றத்துக் கணினியிலே இருக்கும். இணையமில்லாமல் ஓடும் பொறியையே பயிற்றுவோம். களச்சொற்களைப் பொறுத்தமட்டில், பெரியோர் கொடுத்தாற் கொள்வோம்; கொடுக்காவிட்டால் கேளோம். ஒன்றுமட்டும் சொல்லவேண்டும்: அறுவடை இயந்திரம் வயலுக்குள்ளேயே வெட்டி, அடித்து, தூற்றிச் சாக்கிலே கட்டிவிடுகின்றது. சூடு வைப்பதில்லை, களமில்லை, களமில்லாத இடத்திலே களச்சொல்லை யார் சொல்லுவர்? எம் வயதினர் பெரும்பாலார் அவற்றைக் கேட்டதேயில்லை. பூதத்துக்கு மறைத்த சொல் பேரனுக்கும் மறைந்துபோயிற்று.

சொல் திரட்டுவதிலும் ஒழுங்கு வேண்டும். சொல்லை மட்டும் கொப்பியிலே வரிசையாக எழுதி வந்தால் அது பொறிக்குப் போதாது. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு வாக்கியத்திலே பத்துத் தரமாவது வரவேண்டும். ஆண்குரலும் பெண்குரலும், முதியவரும் இளையவரும் வேண்டும். எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே வாவியின் இரு கரைகளே. ஆயினும் பேச்சின் சாயல் சிறிது வேறுபடும். ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் முஸ்லிம் சகோதரர்கள் இதே வேளாண்மையை இதே குளத்து நீரிலே செய்கின்றார்கள். அவர்கள் குரல் இல்லாத பொறி அரைக்காது கேட்கும் பொறியாகவே இருக்கும். தோட்டத்துச் சோளத்தை 2018, 2019 ஆம் ஆண்டுகளிலே தாக்கிய 'சேனா' படைப்புழுவின் பெயர்போலப் புதிதாக வந்த சொற்களையும் விட்டுவிடலாகாது. பழைய சொல்லுக்குப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் 1964 ஆம் ஆண்டு நூலாகிய 'மட்டக்களப்புத் தமிழகம்' துணை செய்யும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்திலே சேர்த்துவரும் 'நூலகம்' நிறுவனத்தாரின் சேகரமும் உதவும். ஆயினும் அவை எழுத்து. நமக்கு வேண்டியது குரல்.

திரட்டியதில் ஒரு பகுதியைப் பயிற்சிக்குக் கொடாமல் ஒளித்து வைக்கவேண்டும். பரீட்சை வினாத்தாளை முன்னரே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்தால் எந்தப் பிள்ளையும் சித்தியடையும். ஒளித்து வைத்ததைக் கொண்டு சோதிக்கும்போதும் மொத்தச் சொல்லிலே எத்தனை சரி என்று கணக்கிடுதல் போதாது. தொழிற்சொற்களிலே எத்தனை சரி, சொல்லாத இடத்திலே எத்தனை தரம் அச்சொல்லைத் தானாக எழுதியது என்று இரண்டையும் தனியே எண்ணவேண்டும்.

எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பேச்சிலே 'அம்பது' என்பதும் 'ஒம்பது' என்பதும் எவ்வளவு கிட்ட நிற்கின்றன! ஒன்பது ஏக்கர் ஐம்பது ஏக்கராகலாம். வயலிலே அது பொய்க்கணக்கு என்ற பெயரோடு போம். வைத்தியசாலையிலே குளிசையின் அளவானால் உயிரோடு போம். எவ்வளவு பயிற்றினாலும் எண்ணைப் பொறியிடம் நம்பி விடலாகாது. பொறி எழுதியதைச் சொன்னவர் காதிலே மறுபடி வாசித்துக் காட்டி, ஆம் என்ற பின்னரே கடிதம் போகவேண்டும். பெரியப்பாவுக்கு வாசிக்க முடியாத இடத்திலே பொறியே வாசித்துக் காட்டும். அந்த வசதி பெரும்பாலான கைத்தொலைபேசிகளிலே இருக்கின்றது.

இன்று எம் கொப்பியிலே வேளாண்மைச் சொற்கள் ஒரு பக்கமாகவும் வாவித் தொழிற்சொற்கள் ஒரு பக்கமாகவும் இருக்கின்றன. வேளாண்மைப் பக்கம் ஓரளவு நிறைந்திருக்கின்றது. வாவிப் பக்கத்திலே தோணி, வீச்சுவலை, அத்தாங்கு, கரப்பு என்று யாவருக்கும் தெரிந்தவைதாம் இருக்கின்றன. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் முகத்துவாரம் வெட்டும் காலத்துக்கும் மீனவர் வழங்கும் சொற்கள் ஏறவில்லை. அவற்றை அறிந்த பெரியோர் மூவரையாவது இச்சபையிலே காண்கின்றோம்.

கூட்டம் முடிந்தபின் வாசிகசாலை அறையிலே ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு இரு தோழர்கள் இருப்பார்கள். பெயர் கொடுக்கத் தேவையில்லை. ஊரும் தொழிலும் போதும். வருபவர்கள் சொல்லை மட்டும் தனியே சொல்லாமல், வீட்டிலே எப்படிப் பேசுவீர்களோ அப்படியே கதையாகப் பேசும்படி கேட்டுக்கொள்கின்றோம்.